மாதிரி அளவு: அறுபது

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்.
சித்திரை வெயிலில் நடந்து நிரப்பியவை
என் படிவங்கள்.
நகைக்கடன் வாடிக்கையாளர் திருப்தி,
ஒன்று முதல் ஐந்து வரை.

நாற்பது பேர் சொன்னது ஒரே பதில்:
"பரவாயில்ல."
அதற்குக் கட்டம் இல்லை.
மூன்றில் போடு என்றார் வழிகாட்டி. போட்டேன்.

படிவம் முப்பத்தேழு, அடைக்கம்மை:
வட்டிக்கு ஒன்று, மேலாளருக்கு ஐந்து.
ஏன் என்றேன்,
கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.
"ஏலத்துக்குப் போகுதுன்னு அவருதான ஆத்தா
ராத்திரியில போன் போட்டாரு."
எழுத இடமில்லாமல்
தாளைத் திருப்பி எழுதிக்கொண்டேன்.

சாத்தப்பன் தன் அறுபதையும்
விடுதி அறையில் ஒரே இரவில்
மூன்று பேனாவால் முடித்தான்,
நடுவில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு.

கணினி இருவரையும் நிறுத்தது.
அவன் ஆல்ஃபா புள்ளி ஒன்பது ஒன்று.
என்னுடையது புள்ளி நான்கு எட்டு:
நம்பகத்தன்மை போதாது.
"முப்பத்தேழைத் தூக்கிவிடு,
கொஞ்சம் ஏறும்" என்றார் சார்.

தூக்கவில்லை.
'ஆய்வின் வரம்புகள்' பகுதியில்
ஒரு வரி சேர்த்தேன்:
தரவுகள் மனிதர்களிடம் கேட்டுப் பெறப்பட்டவை.

காரைக்குடி கல்லூரிச் சாலைக் கடையில்
அதையும் தட்டச்சு செய்து தந்தார்கள்,
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.