சில்லறை பாக்கி

ராயக்கோட்டை சாலையில்
மாங்கூழ் ஆலையின் பழைய கிடங்கு.
சீசன் முடிந்து நான்கு மாதம்;
கழுவியும் போகாத புளித்த இனிப்பு
தரையில் இருந்தது இன்னும்.
ஒவ்வொரு அடிக்கும் செருப்பு
ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

நாற்பது நாற்காலி, வாடகைக்கு.
முதுகில் மஞ்சுநாதா டென்ட் ஹவுஸ்.

"ரெண்டு டிக்கெட் நூத்தி எண்பது.
ஸ்கேன் வேண்டாம் சார், தகரக் கூரை,
சிக்னல் வராது."
இருநூறு கொடுத்தேன்.
டிக்கெட்டின் பின்னால் இருபது என்றெழுதி
கண்டக்டர் மாதிரி வட்டம் போட்டார்.
"இடைவேளையில வாங்கிக்கங்க."

பத்மஜா ஓசூரிலிருந்து வந்திருந்தார்.
அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு.
இருவருக்கும் ஒருமுறை கல்யாணம் ஆகி
முடிந்தும்விட்டது.
முதல் இரண்டு சந்திப்பும் ஓட்டலில்.
எதிரெதிரே உட்கார்ந்தால்
கண்ணை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடு.
பக்கத்தில் உட்காருகிற மாதிரி
ஏதாவது பாருங்களேன்
என்றவர் அவர்தான்.

மேடை என்று தனியாக இல்லை.
பிளாஸ்டிக் குழாயில் ஒரு கூண்டு: சுங்கச்சாவடி.
உள்ளே தில்ஷாத் என்றொரு பெண்.
ஸ்டீயரிங்கை மட்டும் கையில் பிடித்து
நடந்தே வரும் லாரி: வேடியப்பன்,
பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவராம்.
ஒரு கீபோர்டு, ஒரு தவில்,
டீசல் டின் தட்டும் பையன்,
பின்னால் வரிசையில் நிற்கும் ஏழு லாரிகளுக்கும் சேர்த்து
பொம்மென்று ஹார்ன் பாடும் மூன்று பேர்.

கதை இவ்வளவுதான்.
கட்டணம் தொண்ணூற்றைந்து. அவன் நீட்டுவது நூறு.
அவளிடம் ஐந்து ரூபாய் இருக்காது.
அஞ்சு ரூபா பாக்கி, சாமி,
அடுத்த நடை வாங்கிக்கோ
என்று அவள் பாட
அவன் பதில் பாட
மொத்தம் பன்னிரண்டு நொடி.
அதற்குள் கதவுக்கட்டை தூக்கிவிடும்.
ஒரு நடைக்கு ஒரு பன்னிரண்டு நொடி.
அதிலேயே அவன் ஊர் சொன்னான்,
அவள் தம்பிக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள்,
ஒருமுறை இருவரும் ஒன்றுமே சொல்லவில்லை,
தவில் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

நடுவில், வெளியே சாலையில்
நிஜ லாரி ஒன்று அடித்தது ஹார்ன்.
சுருதிக்கு அரை ஸ்வரம் பிசகி.
தில்ஷாத் பாட்டை நிறுத்தினார்,
சுவர்ப்பக்கம் திரும்பினார்,
அதே பிசகிய சுருதியில்
"வர்றேன் இருய்யா, சில்லறை தேடறேன்" என்றார்.

கிடங்கே சிரித்தது.
சிரிப்போடு பத்மஜாவின் கை
என் முழங்கைக்கு வந்தது.
சிரிப்பு ஓய்ந்த பிறகும் இரண்டு நொடி.
நானும் எண்ணுகிறவனாகிவிட்டேன்.

இடைவேளையில் மசாலாப் பொரி, சுக்குக் காபி.
இருபது ரூபாய்க்காரர்தான் கீபோர்டுக்காரர் என்று
அப்போதுதான் தெரிந்தது.
வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
நான் கேட்கவில்லை.

பிற்பாதியில் கண்ணாடியில் ஸ்டிக்கர் வந்தது.
ஜன்னல் இறங்க வேண்டியதில்லை.
டீங்.
கட்டை தூக்கியது.
வேடியப்பன் ஸ்டீயரிங்கோடு கடந்தார்
தலை திரும்பித் திரும்பி.
டீங், டீங், டீங் என்று அந்த மூன்று பேர்
அதையும் ஒரு பாட்டாக்கினார்கள்.
கொஞ்சம் நீளம்தான் அது. என் பின்னால் ஒருவர்
கொட்டாவி விட்டார்.

கடைசிப் பாட்டு தில்ஷாத் தனியாக,
கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.
மேலே போன இடத்தில் குரல் நழுவியது.
திரும்பி இறங்கி வரவில்லை,
நழுவிய இடத்திலேயே நின்று பாடினார்.
கீபோர்டு தேடிக்கொண்டு போய்
அவரை அங்கே கண்டுபிடித்தது.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம்.
"எது பிடித்தது?"
"நழுவினாங்களே, அது."
"எனக்கும் அங்கதான்" என்று ஆரம்பித்தபோது
ஓசூர் பஸ் நகரத் தொடங்கியிருந்தது.

பத்து நிமிடத்தில் செய்தி:
டோல்கேட் தாண்டிட்டோம். பஸ் நிக்கவே இல்ல.
அடுத்தது: அந்த இருபது ரூபாய்?

மறந்துட்டேன் என்று அனுப்பினேன்.
மறக்கவில்லை.

எழுதுகிறார், நிறுத்துகிறார்,
எழுதுகிறார்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன்,
ஒரு கால் வந்தது,
மற்றது வர யோசித்தது.