முக்கால் நூல்

ஆஸ்பெலுண்ட் விற்றுவிட்டுப் போன நாற்பத்தைந்து
இரண்டு கோடையாக என் இடுப்பில் தொங்குகிறது.
கரடி வந்தால் எடுக்க.
வந்தது. மீனைத் தின்றது. போனது.
எடுத்திருந்தால் அதன் தலைக்கு மேல்
ஒரு சாண் காற்றைக் கொன்றிருப்பேன்.

அவர் இளங்குண்டு போட்டுத் தகர டப்பா சுட்டவர்.
குண்டு தாழ்ந்து போகப் போக
முன் முள்ளை அரத்தால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.
முள் குட்டையானால் குண்டு உயரும்.
கேட்டால் பொய் போலிருக்கும், சுட்டால் மெய்.

நான் போடுவது கரடிக்கான ஈயம், கட்டைவிரல் கனம்.
கனத்தது கீழேதானே விழும்?
விழாது.
குழலை விட்டுக் கிளம்ப அது சோம்பும்;
அந்தச் சோம்பலுக்குள்
துப்பாக்கி மோவாயைத் தூக்கிவிடும்.
இருபத்தைந்து கஜத்தில் ஒரு காகிதத் தட்டு,
நடுவில் ஒட்டிய ஜாம் பாட்டில் மூடி.
மூன்று நாளாக மூடி புத்தம் புதிதாய் இருக்கிறது.

பின் பிளவின் திருகை அடிவரை இறக்கியாயிற்று.
இனி இறங்க அங்கே இடமில்லை.
நுஷகாக் கரையில் உட்கார்ந்து
மீன் கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
முள்ளுக்கும் பிளவுக்கும் ஒன்பது அங்குலம்,
எனக்கும் தட்டுக்கும் தொள்ளாயிரம்.
அங்கே ஒரு சாண் என்றால்
இங்கே முக்கால் நூல்.
என் உயிர் அந்தக் கனத்தில் இருந்தது,
யாரோ ஊதித் தள்ளிய எஃகுத் தூளில்.

தேய்த்தது திரும்ப முளைக்காது.
டில்லிங்ஹாமிலிருந்து தபால் விமானத்தில் புது முள் வந்தது,
வேண்டுமென்றே நெட்டையாய்.
பிளவை நடுவுக்கு ஏற்றி வைத்துச் சுட்டேன்.
குண்டு தட்டுக்கும் கீழே பாசியைக் கிழித்தது.
நல்லது. இது தேய்க்கத் தேய்க்க ஏறும்.

நிகெஃபர் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தான்,
சால்மன் எண்ணும் கிளிக்கரோடு.
அரம் ஓர் இழுப்பு, அவன் கட்டைவிரல் ஒரு கிளிக்.
சுடு, நட, குனிந்து பார், திரும்பி வா.
விரற்கடை விரற்கடையாய் ஓட்டைகள் ஏறின.
முப்பத்தெட்டில் உயரம் சரி.
"இன்னும் ஒன்று?" என்றேன்.
அரத்தைப் பிடுங்கித் தன் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டான்.

ஆனால் இடது.
நாலு விரல் இடது.
பின் பிளவு சொன்ன பக்கம் போகும், முரண்டு பிடிக்காது;
வலது பக்கம் ஆறு கிளிக் திருகினேன்.
மறுநாள் காலை, மழையில், மறுபடி இடது.
காற்று என்றேன். தோட்டா என்றேன்.
ஆஸ்பெலுண்டையும் கொஞ்சம் திட்டினேன்.
நிகெஃபர் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கி
முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பித் தந்தான்.

மூன்றாவது அறையில் காலி உறை.
சுத்தியல் விழுந்தது. வெடிக்கவில்லை.
நிசப்தத்தில் குழல் மட்டும்
கீழே, இடப்பக்கம், ஆழமாகக் குனிந்தது,
வராத சத்தத்திடம் முன்கூட்டியே
மன்னிப்புக் கேட்பதுபோல.

"மார்லிஸ், திருகு பாவம்" என்றான்.

ஆறு கிளிக்கையும் திருப்பிக் கொடுத்தேன்.
பிறகு ஒரு வாரம் தோட்டாவே இல்லை;
குழல்மேல் கால் டாலர் நாணயம்,
அது உருளாத வரைக்கும் வெற்றுச் சுத்தியல்.
உருளாமல் நின்ற அன்று நிரப்பிச் சுட்டேன்.
இடது இல்லை. மூன்று விரல் மேலே.
ஆக, முள்ளில் என் பயத்துக்கும் சேர்த்துத் தேய்த்திருக்கிறேன்.
பிளவில் இறங்க இடம் வைத்திருந்தது நல்லதாயிற்று.
ஜாம் மூடியில் இப்போது நாலு பொத்தல்.

பழைய முள் காபி டப்பாவில் கிடக்கிறது.
இளங்குண்டு மட்டும் இவ்வளவு எஃகைக் கேட்டிருக்காது.
அந்தப் பள்ளத்தில் குண்டுக்கு எத்தனை இழுப்பு,
இமைக்கு எத்தனை இழுப்பு,
அவருக்கே தெரிந்திருக்காது.

கிளிக்கரைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்துவிட்டான் நிகெஃபர்.
அன்றைய பதிவேட்டில்
ஆற்றேறிய மீன் முப்பத்தெட்டு அதிகம்.
இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.