ழ வராதவள்

அக்காவுக்கு ழ வராது.
எங்கள் புளோக்கில் எல்லாருக்கும் தெரியும் அது.
மழையை மலை என்பாள்,
கிழமையைக் கிலமை.
தேக்காவில் வாழைப்பழத்தை விரலால் காட்டி
பீசாங் என்று தப்பித்துவிடுவாள்.
வாய்மொழித் தேர்வில் மதிப்பெண் போனது.
மகிழினி என்று பெயர் வைத்த அப்பா
மகிலினியைத் திருத்தித் திருத்தி ஓய்ந்தார்.

எனக்கு மட்டும் தெரியும், வரும்.

அவளுடைய ஒன்பது வயதில் ஒருமுறை வந்தது.
ஊஞ்சல் யாருக்கு என்று சண்டை.
விழு என்றாள்,
நாக்கின் நுனி மேலே மடங்க, சுத்தமாக.
விழுந்தேன்.
என்மேல் ஊஞ்சலின் இரும்புச் சட்டம் விழுந்தது,
பறந்துகொண்டிருந்த மூன்று மைனாக்கள் விழுந்தன,
பதின்மூன்று மாடியிலும் கழிகளில் காய்ந்த
அத்தனை துணியும்.
மைனாக்கள் எழவே இல்லை.
என் இடது முழங்காலில் இன்னும் இரண்டு திருகாணி.
ஆம்புலன்ஸில் என் காதருகே குனிந்து
'இனிமே எனக்கு அந்த எலுத்து வராதுடா' என்றாள்.
அதுதான் முதல் பிழை.

பதினான்கு வருடம் அதை
வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்,
மீன்முள்ளைத் துப்பவும் விழுங்கவும் பயந்தவள் மாதிரி.
எழிலரசன் என்றொருவன் வீடுவரை வந்தான்.
பெயர் சொல்லிக் கூப்பிடாத பெண் எதற்கென்று
போய்விட்டான்.

இன்று காலை, புக்கிட் பாத்தோக்,
எதிர் புளோக்கில் பதினோராம் மாடி.
கம்பிக் கதவு பூட்டாத சன்னல்.
ஜுன் காய்க்கு இரண்டு வயது இருக்கும்.
ஒரு கையில் பால் போத்தல்.
நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.
அவன் விளிம்பைத் தாண்டினான்.

எழு என்பாள் என்று நினைத்தேன்.
எழு என்றால் கார்கள் எழும், சாக்கடை எழும்,
கட்டடமே கூட.
அரை நொடிதான்.
அதற்குள் இத்தனை காலம் தொடாத சொற்களை
எப்படிப் புரட்டினாளோ,
தவழ், என்றாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது.
காற்றுக்குத் தெரிந்திருந்தது.
ஒன்பதாம் மாடி உயரத்தில்
ஒன்றுமில்லாததில் முட்டி ஊன்றி
ஜுன் காய் தவழ்ந்தான்,
சரிவான தரையில் ஏறுகிறவனைப் போல,
தன் வீட்டுச் சன்னலுக்குள்.
போத்தல் மட்டும் கீழே போய்த் தெறித்தது.

இப்போது வாசலில் காவலர்.
நாலு பேர் கைப்பேசியில் பிடித்திருக்கிறார்களாம்.
உங்கள் பெயர் என்ன என்கிறார்,
நல்ல தமிழ் அவருக்கு.
அக்காவின் வாய் பாதி திறந்திருக்கிறது.
மடங்கிய நாக்கு அப்போதிருந்து இறங்கவில்லை.
அந்தப் பெயரை அவள் வாயால்
யாரும் கேட்டதில்லை, அவளும்.

என் முழங்கால் விண்ணென்று வலிக்கிறது.
இருந்தாலும்
சொல்லேன் என்கிறேன், கண்ணால்.