எட்டு எழுத்து

மல்லாவிச் சந்தியில், உரக்கடைக்குப் பின்னால்,
தகரக் கூரைக்குக் கீழே நாலு கொம்பியூட்டர்.
மூன்றில் தட்டச்சு பழகலாம்.
நாலாவது டென்மார்க்கில் ஏதோ பள்ளிக்கூடம்
பழசென்று கழித்துவிட்டது.
அதன் வயிற்றுக்குள் ஒரு நாடு கிடந்தது
லொறியில் இறக்கினவருக்கும் தெரியாது.

கண்டுபிடித்தது பபிதரன்.
அமத்தினான், பெயர் கேட்டது.
கனகராயன் என்று வையுங்கோ, எங்கட ஆறு,
என்றாள் ஜெனிற்றா.
இங்கிலீசில் எட்டு எழுத்துக்கு மேல்
அந்தப் பெட்டி விடவில்லை.
ஆறு பாதியில் நின்றது.
கனகரா.
காலில் செருப்பில்லாமல், மழைக்குள்,
நாற்பது வெள்ளிக் கடனோடு
ஒரு துறைமுகத்தில் வந்து இறங்கினான்.

சமாதான காலம். பின்னேரம் வகுப்பு முடிய
ஆளுக்குப் பத்து ரூபாய் மண்ணெண்ணெய்க்கு.
ஜெனரேற்றர் இருமத் தொடங்கினால்
சேவ் பண்ணு, சேவ் பண்ணு என்று
மூன்று பேரும் ஒரே குரலில்.

சண்டை குறைவு. கதை பேச்சுத்தான் கூட.
ஒரு கதவு திறக்க அரை மணித்தியாலம்
காவல்காரனோடு கதைக்க வேணும்.
ஜெனிற்றா வாசிப்பாள், நான் அகராதி புரட்டுவேன்,
மௌசைப் பிடித்தபடி பபிதரன்
'இப்ப எங்கட ஆள் என்ன சொல்லுறது?' என்பான்.
எங்கட ஆளுக்கு எப்போதும் மூன்று பதில்.
அதில் ஒன்று பொய்.
பொய்யை அமத்தினால்
கூட வந்த ஒற்றைக்காதுக் கள்ளி
இரண்டு நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாள்.
கள்ளிக்கு வந்த கோபத்தைப் பார்!

'பரோவில் தேடு' என்றது ஒரு கடிதம்.
பரோ என்றால் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டில்,
அடித்துச் சொன்னேன் நான்.
மூன்று நாள், ஊர் ஊராய், தள்ளுவண்டில் தேடினோம்.
நாலாம் நாள் அகராதியின் அடுத்த வரியில்
விரல் நின்றது: பழங்காலத்துப் புதைகுழி மேடு.
சிரிக்க மாட்டாமல் பபிதரன்
கதிரையோடு விழுந்தான்.

பிறகு அந்தத் தோணிக்காரன்.
ஏறுவதென்றால் ஒன்றை விட்டிட்டு ஏறு என்றான்.
பாரம் சுமந்த நொண்டிக் கழுதையை விடலாம்;
கணக்குத் தெரிந்தவர் எவரும் அதைத்தான் விடுவார்.
'கழுதையை விடேலாது' என்றான் பபிதரன்.
சுற்றிப் போனோம், சதுப்புக்குள்ளால்.
ஒரு கழுதைக்காகப்
பதினொரு போத்தல் மண்ணெண்ணெய்.

முதலாம் இடத்தில் வேறொரு சேமிப்பு இருந்தது.
மிக்கேல் என்று பெயர்.
நாங்கள் போய்ச்சேராத மலையில், பனிக்குள்,
ஒரு கோட்டை வாசலில் நின்றான் அவன்.
திறந்து திறந்து பார்ப்போம்,
ஒரு அடி அசைக்க மாட்டோம்.
வேலி பாய்ந்து மாங்காய் பிடுங்குகிற ஆட்கள்தான்.
ஆனாலும் அது
இன்னொரு பெடியன்ர வளவு.

முடிவைப் பார்க்கவில்லை.
இரண்டாயிரத்தெட்டில் நாலு மெசினையும்
பாயில் சுற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள்.
எங்கே இறக்கினார்களோ.
கனகரா சதுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு சத்திரத்தில்,
கழுதையைக் கட்டிவிட்டு நித்திரை.

போன மாதம் ஜெனிற்றா தேடிப் பிடித்து
மன்னாரிலிருந்து அனுப்பினாள்.
இரண்டு பிள்ளைகளையும் படுக்க வைத்துவிட்டு
போனில் முதல் வேலையாய்ச் சண்டை பிடித்தாள்:
'தள்ளுவண்டில் என்று சொன்னது நீ.'
நான்தான்.
பிறகு கொஞ்ச நேரம் இருவரும் கதைக்கவில்லை.
மூன்றாவது ஆள் சிரிக்க விட்ட இடைவெளி அது.

கிளிநொச்சியில், மின்சாரம் நிற்காத ஒரு இரவில்,
தொடக்கத்தை அமத்தினேன்.
இப்போது பதினாறு எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
ஆறு முழுதாய் ஓடலாம்.
எட்டில் நிறுத்தினேன்.

அதே மழை, அதே துறைமுகம்.
செருப்புக் கடையைத் தாண்டி
சந்தையின் கடைசி மூலைக்குப் போனேன்.
விலை நாற்பது வெள்ளி, ஒரு கால் நொண்டி.
கடன் இரட்டித்தது.
செருப்பைப் பிறகு பார்ப்போம்.