நாற்பது நிமிடம்

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட், மூன்றாம் லைன்.
என் வேலை எண்ணுவது:
மணிக்கு முப்பத்திரண்டு தட்டு வந்ததா,
எத்தனை பழுது,
கழிப்பறைக்கு யார் எத்தனை முறை.

புஷ்பலீலாவின் கணக்கில் குறையில்லை.
முப்பத்திரண்டு, எல்லோரையும் போல.
ஆனால் விடிகாலை பஸ்ஸில்
அவள் மட்டும் கெண்டைக்காலைப் பிடித்துவிடவில்லை.

சித்தி ஹஜாரும் நேப்பாளத்து பிமலாவும்
அடுப்பு மெஷினுக்கும் அடுக்குக்கும் இடையே
இராமுழுக்க ஓடினார்கள்.
ஒருநாள் தூக்கம் வராமலிருக்க எண்ணினேன்:
ஒரு தட்டுக்குப் பதினாறு அடி.
இரவு முழுவதையும் கூட்டினால்
சுங்கை நிபோங் பஸ் நிலையமே வந்துவிடும்.

புஷ்பலீலாவுக்கு ஐந்தே அடி.

காலித் தட்டு வண்டியை
வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாற்றியிருந்தாள்,
அவ்வளவுதான்.
நிறைந்த தட்டோடு போகும் கை
வெறுங்கையாய்த் திரும்புவதில்லை.
வண்டி உருளாதிருக்கச் சக்கரத்தடியில்
மடித்த பிஸ்கட் அட்டை ஒன்று.

மிச்சமான நேரத்தில் என்ன செய்தாள் என்கிறீர்களா?
கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தாள்.
மணிக்கு மூன்று நிமிடம், சிலசமயம் நான்கு.
காலணியைக் கழற்றி
விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டாள்,
பத்தும் இருக்கின்றனவா என்பதுபோல.

நல்ல யோசனைக்கு ஐம்பது வெள்ளி என்று
நோட்டீஸ் ஒட்டியிருந்தார் மிஸ்டர் ஊய்.
பாரத்தில் அவள் பெயரைப் பாதி எழுதிவிட்டேன்.
அவள் பேனாவின் மேல் கை வைத்தாள்.

"அம்பது வெள்ளி எனக்கு.
அடுத்த மாசம் மணிக்கு நாப்பது தட்டு,
எல்லாருக்கும்.
வேணாங்க்கா."

பாரம் என் சட்டைப் பையிலேயே
துணியோடு துவைந்து கூழானது.

வெள்ளிக்கிழமை சித்தி ஹஜாரின் வண்டி
இடப்பக்கம் நின்றது.
திங்கள், பிமலாவுடையது.
யார் சொன்னார்கள், எந்த மொழியில்,
நான் கேட்கவில்லை.
முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு
என்று எழுதிக்கொண்டே போனேன்.
என் கையெழுத்து
அவ்வளவு அழகாய் ஒருபோதும் இருந்ததில்லை.

ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு
மிஸ்டர் ஊய் வந்து நின்றார்.
வெகுநேரம் காது கொடுத்தார்.
"இந்த லைனில் மட்டும் ஏன்
காலடிச் சத்தமே இல்லை?"

"தரைக்குப் புது மெழுகு போட்டிருக்கிறார்கள், சார்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.
பிஸ்கட் அட்டைக்கு
ஒரு சாண் தள்ளி.