நிமிர்த்தி வைத்த மேட்டூர் ரோடு

அடிவாரத்தில் மடித்துவிட்ட சட்டைக்கையை
பதினோராவது கொண்டை ஊசியில் இறக்கிவிடுவேன்.
அதற்கு மேல் காற்று வேறு.

ஏழு வருடமாக இதே தடம்,
சேலம் ஏற்காடு, ஏற்காடு சேலம்.
அர்த்தனாரி கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே
எத்தனையாவது வளைவென்று சொல்லிவிடுவேன்.
காதும் சொல்லும்:
எட்டில் ஒரு பக்கம் அடைக்கும்,
பதிமூன்றில் இரண்டும்.
"எச்சில் முழுங்குங்க" என்பேன்
சில்லறை எண்ணிக்கொண்டே.
புதிதாய் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.
பிறகு முழுங்குவார்கள்.

பின் சீட்டுப் பையனின் சிப்ஸ் பாக்கெட்
வளைவுக்கு வளைவு உப்பிக்கொண்டு வரும்.
உள்ளே இருப்பது சமவெளிக் காற்று.
வெளியே அதை அழுத்திப் பிடிக்க
இங்கே ஆள் குறைவு.

போன ஆடியில் யாரோ விட்டுப்போன பாடப்புத்தகம்.
தமயந்தி, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
ஏரிக்கரையில் வண்டி நின்ற இருபது நிமிடம்
வளிமண்டலம் பாடத்தைப் படித்தேன்.
கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு,
எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் போட்டிருந்தது.
கிலோமீட்டர் என்றால் எனக்கு ஸ்டேஜ்.

ஆகவே மேட்டூர் ரோட்டைச் சுருட்டி எடுத்து
புது பஸ் ஸ்டாண்டில் நட்டு
நேராக நிமிர்த்தினேன்.

ஓமலூரை ஒட்டி மழை முடிந்துவிடுகிறது.
மேகம், இடி, புயல், பருந்து, ஆடிக்காற்று
எல்லாமே அதற்குள்தான்.
அதுவரை ஏற ஏறக் குளிர்.
ஓமலூருக்கும் மேச்சேரிக்கும் நடுவே
ஓசோன் என்று ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர்.
பாதி ராத்திரியில் வண்டியை மறிக்கிற ரகமில்லை,
பகல் முழுக்க நிற்கிறவர்.
தோலை எரிக்கும் வெயிலை
டிக்கெட் இல்லையென்று அங்கேயே இறக்கிவிடுகிறார்.
அந்தச் சூட்டில்தான்
மேட்டூர் அணை வரை குளிர் மறுபடி தணிகிறது.
அதற்கப்புறம் கொளத்தூர் தாண்டி
கொடுங்குளிர்.
பாலாறு செக்போஸ்டுப் பக்கம்
எரிகற்கள் எரிந்து தீர்கின்றன.
மாதேஸ்வரன் மலையில்
வானம் கறுப்பு.

சரி, ஏற்காடு எங்கே?
இருபது வளைவு, ஒரு மணி நேரம்,
மூன்று பேர் வாந்தி,
இத்தனைக்கும் பிறகு
ஐந்து ரோட்டு சிக்னலைத் தாண்டவில்லை.
காப்பிச் செடி, மிளகுக் கொடி, காட்டெருமை,
கலெக்டர், நான்,
எல்லோரும் மினிமம் சார்ஜுக்குள்
மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் தமயந்தி வந்து கேட்டாள்.
கொடுத்துவிட்டேன்.
பென்சிலால் நான் எழுதிய ஊர்ப்பெயர்களை
அழிக்க மறந்துவிட்டேன்.

வெள்ளைக்கல் குவாரிச் செங்கோடன்
சனிக்கிழமை தோறும் நாகலூர் மகள் வீட்டுக்கு ஏறுவார்.
"கீழ காத்து நெறய இருக்கு, உள்ள போகமாட்டேங்குது.
மேல கொஞ்சந்தான். போகுது."
இது புத்தகத்தில் இல்லை.

விரித்த உள்ளங்கை மேல்
ஏறக்குறைய இரண்டு சிமெண்டு மூட்டைக் காற்று
என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டுப் பேர் வண்டியில்
ஒருவருக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்ததில்லை.
யாருக்கும் கனப்பதில்லை, ஏனென்றால்
உள்ளேயும் அதே காற்று
பதிலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நேற்று கடைசி நடை, இறக்கம்.
கோகிலவாணி மடியில் ஆறு மாதக் குழந்தை
காதைப் பிய்த்துக்கொண்டு வீரிட்டது.
அதற்கு எச்சில் முழுங்கென்று எப்படிச் சொல்வது?
அர்த்தனாரி வேகத்தைக் குறைத்தார்.
அவள் முந்தானையை இழுத்து மூடிப் பால் கொடுத்தாள்.
நாலு மடக்கு.
அழுகை நின்றது.
பஸ்ஸே ஒருமுறை முழுங்கிக்கொண்டது போலிருந்தது.

டிப்போவில் சீட்டுக்கடியில் ஒரு காலி பாட்டில்.
மலையில் குடித்து மூடி திருகியது.
இடுப்பு ஒடிந்து ஒட்டிக் கிடந்தது,
யாரும் மிதிக்காமலே.
மூடியைத் திறந்தேன்.
உஸ்ஸென்று சேலத்தை ஒரு வாய் இழுத்துக்கொண்டு
நிமிர்ந்தது.

வசூல் கட்டப் போனேன்.
எட்டு ரூபாய் குறைந்தது.