பீரோவின் கீழ்த்தட்டு

சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.
உங்களோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பது
புது ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தெரியாது.

நவமணி டீச்சர்,
லோகோ ஒர்க்ஸ் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது.
மேல்தட்டில் சாக்பீஸ், கம்பி ஒடிந்த குடை,
ரப்பர் பேண்டு போட்ட 29சி டிக்கெட்டுகள்.
கீழ்த்தட்டில் நீளமாய் ஒரு வருகைப் பதிவேடு.
உள்ளே வருகை இல்லை. மார்க்கும் இல்லை.

‘ஜூலை 9. தௌஃபீக். தொண்ணூற்றொன்பது வாங்கியிருக்கிறான்.
கழிவறையில் இருபது நிமிடம்.
வெளியே நின்றேன். எதுவும் கேட்கவில்லை.’

‘ஆகஸ்ட் 2. மகிழினி, ஏழு வயது.
சூரியன் ஒருநாள் அணைந்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டாள்.
இட்லி இறங்கவில்லை.
இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கிறது என்றார்கள்.
அப்புறம்? என்றாள்.
அவளோடு நானும் கொஞ்ச நேரம் பயந்தேன்.’

ஒலிம்பியாட் வகுப்பிலிருந்து என் பையனைக் கூட்டிப்போய்
சைக்கிள் ஸ்டாண்டில் சும்மா உட்காரவைத்தீர்கள்.
எழுத்துமூலம் புகார் கொடுத்தேன்.
மூளை இருக்கிறவனுக்கு என்ன குறை என்று
ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.
டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னீர்கள்:
‘காலேஜ் கணக்குப் போடறான் சார்.
அழறதுக்கு அவன்கிட்ட எட்டு வயசுதானே இருக்கு.’

ஒரு சமோசா பாக்கி வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.
யாரும் அதைத் தொடவில்லை.

அந்தப் புகாரின் நகலும் பதிவேட்டில் இருக்கிறது.
ஒற்றுப்பிழை இரண்டைச் சிவப்பில் திருத்தியிருக்கிறீர்கள்.
சிரித்துவிட்டேன், டீச்சர்.
பக்கத்தைப் புரட்டியபோதுதான்

‘செப்டம்பர் 17. கணக்கு சார்.
நல்ல சத்தம்.
இவரும் எங்கேயோ முதல் பெஞ்சில்
முதல் ராங்க் வாங்கிய பையனாக இருந்திருப்பார்.
வெளியே யாரும் நின்றிருக்கமாட்டார்கள்.’

வியாசர்பாடியில், எழுபத்தெட்டில்,
இரண்டாம் ராங்க் அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ரயில்வே சுவரோரம் இருட்டும்வரை நின்றதை
என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.
உங்களிடம் எப்போது சொன்னேன்?

சாமான்களை அட்டைப்பெட்டியில் போடச் சொன்னார்கள்.
போடவில்லை.
பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்,
குறித்துவைக்க ஆள் இல்லை.

கேட்டைப் பூட்டவேண்டிய ஆயா ஜெகதாம்பாள்
வாசலுக்கு வெளியே
முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.